இன்னும் ஒண்ணு பாரேன்

பிப்ரவரி 8
ஊசியில் நூல் கோப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "சக்கரை கண்ணுக்குப் பின்னால வேலையக் காட்டிருச்சும்மா. கண்ணையும் சேத்துப் பாக்குற பெரிய நீரிழிவு மையமா பாத்துப் போங்க." தைக்கிறவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? மகனுக்குப் போன் போட்டேன். "நான் தேடிச் சொல்றேம்மா" என்றான். வெளிநாட்டில் இருப்பவன் வேறென்ன செய்வான்?

பிப்ரவரி 10
தானாகவே கூப்பிட்டான்! ஒரு மையம் கண்டுபிடித்திருக்கிறான். ஆராய்ச்சி, கண், கால் எல்லாம் ஒரே கட்டடத்தில். "ரொம்ப தூரம்டா" என்றேன். ஒரே பஸ்தான். ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 15
இன்னொரு மையம். அங்கிருக்கும் டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் எழுதியவராம். "அவங்ககிட்ட போனா என்னையும் எலிக்கூண்டுல போட்டுருவாங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

பிப்ரவரி 27
இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் போன். சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், மாத்திரை போட்டேனா — வாத்தியார் மாதிரி அதட்டல் வேறு. முன்பு எப்போதாவது ஒருமுறை "நல்லாருக்கியா, வச்சிடவா" என்பதோடு சரி. அவன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசுகிறது.

மார்ச் 6
கோபித்துக்கொண்டான். "இதவிடப் பெரிய சென்டர் எங்கயும் இல்லம்மா. உனக்கு எதுதான் புடிக்கும்?"
"இன்னும் ஒண்ணு பாரேன்" என்றேன்.
எனக்குத் தெரியும். ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால் தேடுவது முடிந்துவிடும். தேடுவது முடிந்தால் போனும் முடிந்துவிடும்.

மார்ச் 13
இடது கண்ணில் ஒட்டடை மாதிரி கறுப்பாக ஏதோ மிதக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 19
கறுப்புப் பேண்ட்டைப் பழுப்பு நூலில் தைத்து வைத்திருக்கிறேன். வாங்க வந்த பெண், "என்னக்கா, புது ஃபேஷனா?" என்று கிண்டல் செய்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போனதும் இரண்டு நூல்கண்டையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டிருக்கேன் நான்? உடனே அவனுக்குப் போன் போட்டு, "மொதல்ல சொன்னியே, அதுலயே பதிவு பண்ணிரு" என்றேன்.

மார்ச் 23
தனியாகத்தான் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "கூட யாரும் வரலியா?" என்று கேட்டாள். "கீழ நிக்கிறாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். வலது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றிவிடலாமாம். இடது கண்ணில் இனிப் பார்வை திரும்பாது. "போன மாசமே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மருந்தின் கூச்சம் தெளியும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன்.

ஏப்ரல் 2
வலது கண்ணுக்கு லேசர் முடிந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. லேசர் முடிந்த அன்றே "எல்லாம் நல்லாயிருச்சு" என்று அவனிடம் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு போன் இல்லை.

ஏப்ரல் 9
போன் இல்லை.

ஏப்ரல் 12
நானே கூப்பிட்டேன். "என்னம்மா, கண்ணுக்கு ஏதாச்சும்...?" என்று பதறினான்.
"கண்ணெல்லாம் தேறிருச்சு. நீ தேடுறப்ப தினமும் பேசுன. அதுக்காகத்தான் எதுவுமே புடிக்கலன்னு சொன்னேன்." போட்டு உடைத்துவிட்டேன்.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஏம்மா, சும்மா கூப்பிடுடான்னு சொல்லிருக்கலாம்ல?" என்றான்.
சொல்லியிருக்கலாம்தான்.

ஏப்ரல் 13
கூப்பிட்டான். அவன் அறையில் குழாய் ஒழுகுகிறதாம். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான், நானும் துணி வைத்துக் கட்டச் சொல்லி யோசனையெல்லாம் சொன்னேன். வைக்கும்போது, "நல்லவேளை, கண்ணு பொழச்சுதும்மா" என்றான். "ஆமாண்டா" என்றேன். இடது கண்ணைப் பற்றி அவனிடம் சொல்லப்போவதில்லை.