குளிர்த் தொட்டி

என் ஆராய்ச்சிக்காரப் பேத்திக்கு,

மாநாட்டுக்குக் கிளம்பும்போது, "பாட்டி, தொட்டியெல்லாம் பாத்துக்கிட்டா போதும், கை வச்சிடாதீங்க" என்றாய். மீன் முட்டை இருந்த இரண்டு தொட்டியிலும் ஒரே அளவு விஷம். ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மற்றதில் குளிர்ந்த நீர். சூட்டில் மீன் முட்டை விஷத்தை அதிகம் இழுக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாய்.

ஆறு பெற்றவளுக்குக் கை சும்மா இருக்குமா? முட்டைகள் குளிரில் விறைக்குமே என்று, காலையும் மாலையும் என் முதுகுவலிப் பையில் வெந்நீர் நிரப்பிக் குளிர்த் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

இப்போது இரண்டு தொட்டிக் குஞ்சுகளும் ஒன்றுபோலக் கொக்கியாய் வளைந்திருக்கின்றன. சூட்டுக்கு இதில் பங்கில்லை என்று எழுதிவிடாதே, கண்ணு. பிழை என் கையில்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இன்று வெந்நீர்ப் பை இல்லாமல் வெறுங்கையோடு போனேன். கண்ணே முளைக்காத அந்தக் குளிர்த் தொட்டிக் குஞ்சுகள் அத்தனையும் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தன.

சீக்கிரம் வா.

உன் பாட்டி