அரை மைல் தள்ளி நில்லு மக்களே

ஜூன் 9, திங்கள்

மழை விடல. மத்தியானம் வரை ரெண்டே ஓட்டம். கிழக்கேகோட்டை ஆட்டோ ஸ்டாண்டுல வண்டிக்குள்ளயே கால மடக்கிட்டு இருந்து எழுதுதேன்.

சாயங்கால எழுத்துக் கிளாஸ் ரத்னாபாய் டீச்சர் சொல்லிட்டாவ, "அண்ணாச்சி, தப்போ சரியோ, தினம் கொஞ்சம் எழுதணும்." நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவன். அப்போ லைசென்ஸ் எப்படிக் கெடச்சுதுன்னு யாரும் கேக்கப்படாது, அது ஒரு தனிக் கதை, பாபநாசத்துல ஒரு ஆடு காணாமப் போனதுல இருந்து ஆரம்பிக்கணும்.

காலைல 7.40க்கு சுஜா மெசேஜ் வந்துட்டு. "கரை ஏறியாச்சுப்பா." எம் மவ அலாஸ்காவுல ஒரு கடக்கரை ஊர்ல இருக்கா. சுத்திப் பாக்க வாரவங்கள கப்பல்ல கூட்டிட்டுப் போயி மைக்குல வெளக்கம் சொல்லுத வேலை. நமக்குக் காலைன்னா அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். கப்பல் திரும்பினதும் அந்த ஒரு வரி போடுவா. அது வந்த பொறவுதான் நான் சாயா குடிக்கது.

இன்னைக்குப் படமும் வந்துது. கடல்ல நீர்நாய் ஒண்ணு மல்லாக்கக் கெடக்கு. கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, நம்ம பத்மநாபசாமி அனந்தசயனம் மாதிரியே. எம் சம்சாரம் பேச்சிட்ட காட்டினேன். கன்னத்துல போட்டுக்கிட்டா.

ஜூன் 11

மதுரைக்காரங்க நாலு பேரு ஏறினாவ. கோவில், மிருகசாலை, கோவளம். வழியில அலாஸ்கா பத்தி ஒரே கதை விடல். அங்க மலைக்குப் போற பாதையில வருசம் எழுதின பலகை நட்டிருக்கும், அந்தந்த வருசம் ஐஸ் அதுவரைக்கும் இருந்துதுன்னு அர்த்தம், இப்போ பின்னால போயிட்டே இருக்கு — இதெல்லாம் நானே போயி நடந்த மாதிரி சொன்னேன். "அண்ணாச்சி எப்போ போனீங்க"ன்னு ஒரு அம்மா கேட்டாவ. "மாசத்துக்கு ஒருக்கா போவேன், ஆட்டோலதான்"ன்னேன். ஒரே சிரிப்பு.

பொறவு கேமரா கதையும் சொன்னேன். கோவளம்னா அந்தக் கதை உண்டு. "பாறைக்கு மேல நின்ன ஆளு, கைல கேமரா, வந்துது பாருங்க ஒரு அலை. கடலம்மா கேமராவ மட்டும் வாங்கிட்டு ஆளத் திருப்பிக் குடுத்துட்டா!" பதினோரு வருசமா சொல்லுதேன். சிரிக்காத ஆள் இல்ல.

ஜூன் 14, சனி

சுஜா ஒரு வீடியோ அனுப்பினா. அனுப்பாம இருந்திருக்கலாம்.

மூணு கோபுரத்த ஒண்ணுமேல ஒண்ணா வெச்ச உயரத்துக்கு ஐஸ் சுவரு, நீலமா. கடலுக்குள்ள கால விட்டுட்டு நிக்கி. ஒண்ணுமே நடக்கல. திடீர்னு ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சு விழுது. சத்தம் பொறவுதான் வருது, கோவில் திருவிழா வெடிக்கெட்டு மாதிரி. அதுக்கும் பொறவு தண்ணி எந்திரிச்சு வருது. கப்பல்ல நிக்கவங்க கை தட்டுதாவ.

பேச்சி பாதிலயே எந்திரிச்சுப் போயிட்டா. "இதப் பாக்கவா ஆளுங்க காசு குடுத்துப் போறாவ?"

சுஜாட்ட கேட்டேன், எம்புட்டு தூரத்துல நின்னீங்கன்னு. அரை மைலாம். அதுக்குள்ள போகப்படாதுன்னு சட்டமாம்.

அரை மைல்னா கோட்டைல இருந்து அட்டக்குளங்கர தாண்டி கொஞ்ச தூரம். வண்டிய ஓட்டிப் பாத்தேன், மீட்டர் வெச்சு. இம்புட்டுதானா.

ஜூன் 15

7.40. வந்துட்டு.

ஜூன் 23, திங்கள்



சுஜாவுக்கு வேலை மாறிட்டு. பெரிய கப்பல் இல்ல இனி. சின்னத் தோணி, ஒரு ஆளு இல்லாட்டி ரெண்டு ஆளு இருக்கது, துடுப்புப் போட்டுப் போகணும். ஆறேழு பேர இவ ஒருத்தியே கூட்டிட்டுப் போகணும். வேளிக் காயல்ல தோணி விடப் படிச்சவதான், ஆனா வேளிக் காயல்ல கோபுரமா விழுது?

ஃபோன்ல ரொம்ப சந்தோசம். "அப்பா, மூணு ட்ரிப்புக்கும் நெட்ல அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுருக்காங்க! எல்லாம் உங்க பாடம்தான். வந்தவங்க ஆசப்பட்டா இல்லன்னு சொல்லப்படாதுன்னு சொல்லுவீங்கல்ல? கிட்ட போலாமான்னு கேப்பாங்க. கொஞ்சம் கிட்ட கூட்டிட்டுப் போவேன்."

"அரை மைலு?"

"அது பெரிய கப்பலுக்குப்பா. இங்க எல்லாரும் கொஞ்சம் முன்ன பின்ன போறதுதான். சிலருக்கு பயமாருக்கும். அப்போ உங்க கேமரா கதைய சொல்லுவேன், இங்லீஷ்ல. கடல் கேமராவத்தான் எடுத்துக்கும், ஆள விட்டுரும்னு. சிரிப்பாங்க. பயம் போயிரும். துடுப்பு போட ஆரம்பிச்சிருவாங்க."

சரி மக்களேன்னு சொல்லி ஃபோன வெச்சேன். சாயா ஆறிப் போச்சு.

ஜூலை 2

சுஜாட்ட சொல்லிப் பாத்தேன். "தள்ளியே நில்லு மக்களே." அவ சிரிக்கா. "நீங்களா சொல்லுதீங்க? பாறை விளிம்புல ஆள நிறுத்தி ஃபோட்டோ எடுக்க வெக்கவரு!"



ஜூலை 6, ஞாயிறு

இந்தப் பக்கத்த டீச்சருக்குக் காட்டமாட்டேன்.

சஜிகூட ஸ்டாண்டுல இருந்தேன். அவன் பக்கத்து வண்டி, பூந்துறைக்காரன், இருபது வருசப் பழக்கம். நான் சாப்பிடலன்னு கண்டுபிடிச்சிட்டான். சுஜா காரியத்தச் சொன்னேன். அவன் பீடியக் கீழ போட்டு அணைச்சுட்டுச் சொன்னான், "அண்ணா, நின்டெ அந்தக் கேமரா கதைக்கு வால் இல்ல, கேட்டோ. பல்லி மாதிரி நீயே முறிச்சுப் போட்டுட்டு ஓடியாச்சு. மோளுக்கு அந்த வாலக் காட்ட வேண்டாமா?"

அவனுக்குத் தெரியும். அன்னைக்கு அவனும் அங்கன இருந்தான்.

சரி. எழுதுதேன். இங்கயாவது எழுதுதேன்.

அந்தக் கேமராக்காரரு பேரு விஜய்குமார். விருதுநகர். சம்சாரம் பேரு கௌசல்யா. ரெண்டு நாளா எம் வண்டிதான். நல்ல மனுசன், வழியெல்லாம் முறுக்கு குடுத்துட்டே வந்தாரு, அவங்க ஊரு முறுக்கு, எண்ணெயே ஒட்டாது. அது கெடக்கு. ஆனி மாசம், கடல் கொந்தளிப்பு, கோவளத்துல செவப்புக் கொடி நட்டாச்சு. நான் கொடி இல்லாத பக்கம் ஒரு பாறை இருக்குன்னு கூட்டிட்டுப் போனேன். அது எனக்குப் பெருமை — மத்தவன் காட்டாத எடத்தக் காட்டுதது. அவரு, "இன்னும் கொஞ்சம் முன்னால போலாமா அண்ணே"ன்னாரு. அந்தம்மா வேண்டாம்னு கையப் பிடிக்காவ. அவரு என்னத்தான் பாத்தாரு. எனக்குத் தெரியும். அஞ்சு சின்ன அலைக்கு ஒரு பெரிய அலை வரும், பாறை நனஞ்சிருந்தா அதுவரைக்கும் தண்ணி ஏறும்னு தெரியும். பாறை நனஞ்சுதான் இருந்துது.

"போங்க சார், ஒண்ணும் ஆவாது"ன்னேன்.

கேமரா போனது நெசம். ஆளு திரும்பி வந்ததும் நெசம். எப்படி வந்தாருன்னுதான் நான் சொல்லுததில்ல. தலை பாறைல அடிச்சு, காதுல ரத்தம், கண்ணு தெறந்திருக்கு, ஆனா பேச்சு இல்ல. சஜியும் நானும் தூக்கி வண்டில போட்டு ஆஸ்பத்திரி. அந்தம்மா அழவே இல்ல. வராந்தால நின்னு என்னக் கேட்டாவ, "நீங்க தினம் பாக்குற கடல்தானே அண்ணே. ஏன் வேண்டாம்னு சொல்லல?"

ஊருக்குச் சொல்லணும்னு அட்ரஸும் ஃபோன் நம்பரும் எழுதின ஒரு துண்டுச் சீட்டு தந்தாவ. சஜிதான் ஃபோன் போட்டான். நான் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

பிழைச்சாரா? தெரியாது. கேக்கல. சீட்டு இன்னும் பெர்மிட் கவருக்குள்ள கெடக்கு.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சவாரிட்ட கேமரா வரை சொல்லி நிறுத்தினேன். சிரிச்சாங்க. அதுக்குப் பொறவு அதுதான் கதை.

ஜூலை 7

சொல்லல. நாளைக்கு.

ஜூலை 15

சொல்லல. அவகிட்ட எப்படி? அப்பா ஊருக்கே வழிகாட்டின்னு பள்ளிக்கூடத்துல சொன்ன பிள்ளை. அத நெனச்சுதானே இந்த வேலைக்கே போனா.

ஜூலை 24, வியாழன்

கர்க்கடக வாவு, நம்ம ஆடி அமாவாசை. செத்துப்போன அப்பன் அம்மைக்குப் பலி போட ஊரே திருவல்லம் ஆத்துக்குப் போகுது. விடிஞ்சதுல இருந்து ஓட்டம்.

7.40. மெசேஜ் இல்ல.

8 மணி. இல்ல.

பேச்சி ஃபோன் பண்ணினா. "ஏங்க, வந்தாச்சா?" வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்.

9 மணி. நான் பண்ணினா அவ ஃபோன் எடுக்கல. மூணு வாட்டி. சஜி, "ரேஞ்சு கிட்டியிருக்காது அண்ணா, பேடிக்காதே"ங்கான். அவன் முகத்தப் பாத்தேன். அவனுக்கும் பயம்தான்.

9.30. ஈரத் துணியோட ஒரு அம்மாவ எறக்கிவிட்டேன். ஆத்தங்கரையில வரிசையா எலை, எள்ளு, சோத்து உருண்டை. மாமரத்துல காக்கா. இந்த நாள்லயா. வேற நாளே கெடைக்கலியா. யாரு பேரையோ சொல்லிச் சொல்லி எல்லாரும் தண்ணிக்குள்ள முங்குதாவ. நான் அந்தப் பக்கம் பாக்காம வண்டிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சொரிமுத்தய்யனாரே, எம் பேரே உம் பேரு, நான் செஞ்சதுக்கு அவள எடுத்துராதயும். பாறைல நான் நின்னிருக்கணும். நான்தான் நின்னிருக்கணும்.

10.15. இல்ல.

11.10க்கு ஃபோன் வந்துது.

"அப்பா, நான் நல்லாருக்கேன். முதல்ல அதக் கேட்டுக்கோங்க." பல்லு அடிக்கது கேக்கு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, டீச்சர்மாரு, அம்பது வயசு, ஒரே தோணில. அக்காவுக்குப் பயமாம். "உங்க கதைய சொன்னேன்பா. சிரிச்சாங்க. போனோம்." ஐஸ் விழுந்துது. அலை வந்துது, அலையோட ஐஸ் கட்டி. அவங்க தோணி கவுந்துட்டு. அந்த அக்காவ அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் தூக்க முடிஞ்சுதாம். "தண்ணி குளிர்ச்சியா இல்லப்பா. அடி மாதிரி இருக்கு." அவங்க இப்போ ஆஸ்பத்திரில பேசுதாங்களாம், சூப்பு குடிச்சாங்களாம். சுஜாவுக்குக் கை வெறைச்சு ஃபோன் பிடிக்க வரல, அதான் இம்புட்டு நேரம்.

அழுதா. "கடல் ஆள விட்டுரும்னு நான்தான்பா சொன்னேன்."

அங்கனயே, காக்காச் சத்தத்துக்கு நடுவுல, சொல்லிட்டேன். அந்த விஜய்குமார் பேரு. பாறை நனஞ்சிருந்தது. நான் போங்கன்னது. காதுல ரத்தம். அந்தம்மா கேட்டது. நான் வண்டிய எடுத்தது.

அவ அழுகைய நிறுத்திட்டா. பொறவு, "அப்போ அந்தக் கேமரா கதை?"

"கேமரா போனது நெசம் மக்களே. மிச்சத்த நான் வெட்டிட்டேன்."

"ஃபோன வைக்கேன்"ன்னா. வெச்சுட்டா.

ஜூலை 25

பேச்சிக்கும் சொன்னேன். சோறு போட்டா. எதுத்தாப்புல இருக்கல.

ஜூலை 27

7.52. "கரை." அவ்வளவுதான். அப்பான்னு இல்ல.

ஜூலை 30

"கரை."

வண்டில மூணு பேரு கோவளம் போனாவ. வழியெல்லாம் நான் வாயே தெறக்கல. எறங்கும்போது ஒருத்தரு கேக்காரு, "டிரைவருக்கு ஒடம்பு சரியில்லையா?"

ஆகஸ்ட் 4, திங்கள்

சுஜா பேச்சு மெசேஜ் அனுப்பிருக்கா. அவ குரல், இங்லீஷ், பின்னால துடுப்புச் சத்தம். எனக்குப் புரிஞ்சது ஒரே ஒரு வார்த்தை, விஜய்குமார். யாரும் சிரிக்கல. கடைசியில துடுப்புச் சத்தமும் நின்னுட்டு.

வேற வழியில்ல, கிளாஸ்ல டீச்சர்ட்ட குடுத்தேன். ஃபோனக் காதுல வெச்சுக் கேட்டாவ. ரெண்டாவது வாட்டியும் கேட்டாவ.

"உங்க மகள் ஒரு கதை சொல்லுதா அண்ணாச்சி. எங்க அப்பாவும் ஒரு வழிகாட்டின்னு ஆரம்பிக்கா. கடைசியில ஒரு அம்மா கேக்குறாங்க, தினம் பாக்குற கடல்தானே, ஏன் வேண்டாம்னு சொல்லலன்னு. பொறவு சொல்லுதா, அதனால நாம இங்கயே நிக்கோம்."

நான் தலையக் குனிஞ்சுட்டு இருந்தேன். அது நெசமான்னு அவங்க கேக்கல. போர்டுல போயி எழுதினாவ: கடிதம் எழுதுதல். "இந்த வாரப் பாடம் இதுதான். யாருக்காவது நெசமாவே எழுதி, தபால்ல போடணும்."

ஆகஸ்ட் 9

நாலு தாளு கிழிச்சாச்சு. "மரியாதைக்குரிய கௌசல்யா அம்மா அவர்களுக்கு" வரைதான் நேரா வருது.

ஆகஸ்ட் 13

போட்டுட்டேன். சீட்டப் பாத்து அட்ரஸ் நானே எழுதினேன், பின்கோடு மட்டும் சஜி எழுதினான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

7.41. "கரை ஏறியாச்சுப்பா."

பின்னாலயே ஒரு படம். இங்லீஷ் எழுத்து, மேல ஒரே ஒரு ஸ்டார் கலரா இருக்கு, மிச்சம் நாலும் வெறும் கூடு. சஜிட்ட வாசிக்கச் சொன்னேன். அவன் தப்பும் தவறுமா வாசிச்சான்: "எம்புட்டோ கெஞ்சியாச்சு. ஐஸ்கிட்ட கூட்டிட்டுப் போகவே இல்ல. கைடு ரொம்ப பயந்த பொண்ணு. காசு தெண்டம்."

இன்னொரு வாட்டி வாசிடேன்னேன். வாசிச்சான்.

பேச்சிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவ கேட்டா, "ஏங்க, ஒரு ஸ்டார்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லது"ன்னேன்.

சாயா சூடா இருந்துது.