சனி கிரகமும் எங்கள் வீட்டுக் கடிகாரமும்

8-12-99, ஆவடி
தம்பி ரகுநாதன் அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டான். எனக்குப் புடவை. இவருக்குக் கம்ப்யூட்டர் தொலைநோக்கி. தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் அதுவே திரும்பிக் கிரகத்தைப் பிடித்துக் காட்டுமாம். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாருங்க மாமா. சரிப்படலன்னா பெங்களூர் ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்றேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த குழாய்த் தொலைநோக்கி மொட்டைமாடியில் நிற்கிறது. பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு இவரால் அதைத் திருப்ப முடியவில்லை. நான்தான் தள்ளித் தேடிப் பிடித்து, "இப்ப பாருங்க" என்பேன். இவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மெஷின் வந்துவிட்டால் நான் எதற்கு?

ச்சே. என்ன புத்தி இது.

9-12-99
ரகு மெஷினை மொட்டைமாடியில் வைத்துவிட்டு வந்தான். தனியாகத்தான் போவேன் என்று இவர் பிடிவாதம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார்.

இறங்கி வந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சனி தலைக்கு மேலே நிற்கிறது, மெஷினோ வெறும் வானத்தைக் காட்டுகிறதாம். "கைதான் பூட்ச்சின்னு நென்ச்சேன். மூளையும் பூட்ச்சி. நம்பர் கூட ஒயுங்கா அடிக்கத் தெர்ல."

சாப்பிடவில்லை.

10-12-99, வெள்ளி
அவர் மெஷினில் போட்டதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேதி சரி. ஊர் சரி. நேரம் —

கடிகாரம்!

தொழிற்சாலைச் சங்குக்கு முந்திக்கொள்ள இந்தக் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிடம் வேகம். அவர் ஷிப்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. முள்ளை யாரும் தொடவில்லை. நான்கு நிமிடத்துக்கு வானம் ஒரு டிகிரி நகரும்; பத்து நிமிடம் தப்பினால் மெஷின் சனியை விட்டு இரண்டரை டிகிரி தள்ளித்தான் பார்க்கும். எட்டாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடம்.

அவர் மேல் தப்பே இல்லை. சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

11-12-99
"எட்த்துகினு போய்டு ரகு. நமக்கு ஒத்து வராது" என்றார். ரகு பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டான்.

சாயங்காலம் நான் குழாயைத் தள்ளினேன். சனியைப் பார்த்தார், பேசினார், சிரித்தார் கூட. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் கூசுகிறது. மூளை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அல்லவா சிரிக்கிறார்?

12-12-99, ஞாயிறு
ரகுவின் டாக்சி ராத்திரி ஒன்பது மணிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, அவர் கண்ணெதிரே முள்ளைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளினேன்.

கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

இடது கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். ரகு தூக்கிப் போய் வைத்துவிட்டு வந்தான். இவர் பின்னால் ஏறினார். நான் அடுக்களையில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஏழு மணி வாக்கில் மாடியிலிருந்து சத்தம். "நாகு! இப்ப டைம் இன்னா? நெஜ டைமு!"

"ஏழு பன்னெண்டு!"

நான் போகவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போவது?

கால் மணி கழித்து மறுபடி குரல்.

"மேல வா, நாகு. இப்ப பாரு."