அம்மைப்பால் படிந்த கை

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் சரிகிறது. சில எழுத்து பூசணிக்காய் அளவு, சில எழுத்து கடுகு அளவு. ஆனாலும் எல்லாம் என் கையால் எழுதியது. பிரேசர் டவுனில் மாதா கோயில் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்துகிறார்கள். கிழவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே போய்க் கற்றேன். பேரன் எடுத்த வயதில் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று, நீ இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாய். சொல்லிக்கொள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தொடங்கிய காலையில் அம்மை குத்துகிறவர் எங்கள் சந்துக்கு வந்தார். ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி ஊசியை அதில் காட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் நம் கன்றுக் கொட்டடியில் நின்றிருந்தேன். பக்கத்தில் நீ.

அம்மை வராமலிருக்க ஊருக்கெல்லாம் குத்துகிற அம்மைப்பால் அந்தக் கொட்டடியில்தான், கன்றுகளின் வயிற்றில் விளைந்தது. கன்றைக் குளிப்பாட்டி, சாய்க்கிற மேசையில் கட்டி, அடிவயிற்றை மழித்து வைப்பது நம் வேலை. டாக்டர் கத்தியால் கோடு கோடாகக் கீறி மருந்தைத் தேய்ப்பார். அதன் பிறகு கன்று வயிற்றை நக்கிவிடாதபடி கழுத்தில் மூங்கில் சட்டத்தை மாட்டி, சாணம் விழ விழ அள்ளிக்கொண்டு நாம் காவல் இருப்போம். கொப்புளம் பழுத்ததும் மறுபடி மேசை. இந்த முறை டாக்டர் கரண்டியால் கொப்புளத்துப் பாலைச் சுரண்டி எடுப்பார். கன்று கத்துகிற கத்தலில் கூரைத் தகடு அதிரும்.

நீ இரக்கப்பட்டவன் இல்லை. செத்தவன் என்பதற்காக உன்னை நல்லவனாக எழுத எனக்கு இஷ்டமில்லை. கத்துகிற கன்றின் காதைத் திருகி, "பத்தாதுடா, இன்னும் கத்து, மைசூருக்கே கேக்கணும்" என்பாய். நான் முகத்தைத் திருப்பினால், "என்னாடா, புதுப்பொண்ணாட்டம் தலைய குனிஞ்சிக்கிற? காலைப் புடி" என்பாய். ஒரு முழங்காலை விலாவில் ஊன்றி, முன்னங்கால் இடுக்கில் கையை விட்டு நீ பிடித்தால், எந்தக் கன்றும் கல்லாய்ப் போகும். அந்தப் பிடி வேறு யாருக்கும் வரவில்லை.

ஒருமுறை கன்று உதைத்ததில் உன் விரல் கிழிந்தது. கிழிந்த இடத்தில் அதே கொப்புளம் எழும்பி ஆறியது. டாக்டர் பார்த்துவிட்டு, "உனக்கு இனிமேல் அம்மை வராது, போ" என்றார். அன்று முதல் அந்தத் தழும்பை மோதிரம் போலக் காட்டிக்கொண்டு திரிந்தாய்.

ஒக்கலிபுரத்தில் உன் வீட்டில் உனக்குப் பட்டு ஒருத்திதான். அவளைப் பெற்றபோதே தாய் போய்விட்டாள். நீயே குளிப்பாட்டி, தலை வாரி, சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தாய். அம்மை குத்துகிறவர் உன் வாசலுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"கொழந்தய காட்டுப்பா."

"எதுக்கு? உன் ஊசியில இருக்கிற பாலு எங்க கொட்டடியில வந்தது. எந்நேரமும் அதுலதான் இந்தக் கை ஊறிக் கெடக்குது. இந்தக் கையாலதான் எம் பொண்ணு சோறு துன்றா. அவளுக்கு நீ வந்து குத்துவியா? போய்யா, ஹோகு!"

"டேய், அது ஒடம்புக்குள்ள போவணும்டா" என்றேன் நான்.

"சோறு எங்கடா போவுது? ஒடம்புக்கு வெளியவா?"

சந்தே சிரித்தது. குத்த வந்தவரும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த கோடையில் அம்மை வந்தது. பட்டுவுக்கு முகம், நாக்கு, உள்ளங்கால், ஓர் இடம் விடாமல் முத்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் உன் கதவில் வேப்பிலையைச் செருகிவிட்டு ஒதுங்கினார்கள். நீ மட்டும் உள்ளே இருந்தாய். நான் வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு நிற்பேன். அவள் கண் ஒட்டிப்போயிருந்தது. உன் கையில் மருந்து இருக்கிறது என்று நீதானே அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாய். "அப்பா, கைய வையிப்பா, போயிடும்" என்று அவள் கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. நீ வைத்தாய். மறுபடி கேட்டாள். மறுபடி வைத்தாய்.

அவளைத் துடைத்ததும் நீ, தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்ததும் நீ. உன் மேல் ஒரு முத்துகூட எழும்பவில்லை. அந்தக் கை உன்னை மட்டும்தான் காத்தது.

காரியம் முடிந்ததும் டாக்டரிடம் போனாய். "கன்னுக்குட்டி புடிச்சது போதும் சாமி. குத்தப் போறவங்களோட அனுப்புங்க, புள்ளைங்களைப் புடிக்கிறேன்" என்றாய். பெட்டி தூக்க என்னையும் கூட அனுப்பினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியிலும் நெல் பானைக்குப் பின்னாலும் ஒளித்துவைப்பார்கள். நீ காலைப் பிடித்து இழுத்து வருவாய். கொஞ்சமாட்டாய், வெல்லம் காட்டமாட்டாய். முழங்காலை ஊன்றி, அக்குளில் கையை விட்டு, கன்றைப் பிடித்த அதே பிடி. உன் தலை தெரிந்தாலே "புள்ள புடிக்கிறவன் வரான்" என்று சந்து கதவைச் சாத்தும். சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். நீ துடைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாய்.

செங்கல் சூளைக்காரர்கள் குடியிருந்த சந்தில் ஒருத்தி மகனை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். நீ அவனை இழுத்து முழங்காலுக்கு நடுவில் வைத்ததும், அவள் மண்ணை வாரி உன் தலையில் இறைத்தாள். "ஒனக்கு ஒரு புள்ள இருந்தா இப்பிடிப் பண்ணுவியாடா? ஒன் வம்சம் அத்துப் போவ!"

நீ தலையைத் தூக்கவில்லை. பிடியையும் விடவில்லை.

"அத்துப் போச்சும்மா. பையன் கையில மண்ணு இருக்கு, தொடைச்சு விடு."

அவள் குனிந்து, முந்தானையால் அவன் கையைத் துடைத்தாள்.

அந்தப் பதிலை இத்தனை வருஷமாக நான் மட்டும் வைத்திருந்தேன். நீ அழுததை நான் பார்த்ததில்லை; உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். இப்போது அது காகிதத்திலும் இருக்கிறது.

விரல் மரத்துவிட்டது. பட்டு சிரித்ததை ஒரு வரிகூட எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன். வருகிற வாரம் அதைத்தான் எழுதுவேன், வேறு எதையும் கலக்காமல்.