முக்கோண விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது மேட்டுச் சாலையில் வண்டி ஓய்ந்துவிட்டது. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதியில் பேனாவை மூடி வைத்துவிடுமே, அப்படி. இழுவை குறைந்து குறைந்து நின்றது. எதிரே சிவப்பாக ஒரு முக்கோண விளக்கு. அதன் கீழே, ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி.

பின் இருக்கையில் என் மனைவி படுத்திருந்தாள். கதிர்வீச்சு கொடுத்த பிறகு அவளால் உட்கார்ந்து வர முடிவதில்லை. இருக்கையின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் இடுப்பில் இடிக்கிறது என்றாள். அதனால் முதல் நாளிலிருந்தே நீலத் தலையணையை அங்கே இறுக்கிச் செருகி, மேலே சால்வையை விரித்துத்தான் படுக்க வைக்கிறேன்.

என்ன ஆச்சு என்று கேட்டாள். கொஞ்சம் சூடாகிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

சிகிச்சை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள். நடுவில் விட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மார்ச் 5, புதன்

காலையில் கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தேன். இருப்பது ஒரே ஒரு சென்டர், அதுவும் தலைநகரில். அந்தப் பெண் மிக மரியாதையாகப் பேசினாள். ஹைபிரிட் என்றால் அங்கே மட்டும்தான் பார்ப்பார்களாம். ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்கு முன்னால் இடமில்லையாம்.

"அதுவரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க சார்."

"ஓட்டாம அங்க எப்படிம்மா கொண்டு வர்றது?"

"அதுக்கு டோயிங் இருக்கு சார்."

என் மனைவியை எதில் ஏற்றிக் கட்டி இழுப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளும் யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் ஒப்பிக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

நம் மெக்கானிக்கிடம் காட்டினேன். என் பழைய ஸ்கூட்டர் காலத்திலிருந்து அவர் கை படாத வண்டி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பானெட்டைத் திறந்தார். ஆரஞ்சு நிற வயர்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் நிற்பார்களே, அதே நிற்பு.

"வாத்தியாரே, அதுல ஓடுறது வீட்டு கரண்டு மாதிரி இல்ல. தொட்டா என் போட்டோவுக்கு நீங்கதான் மாலை வாங்கணும்."

அவருடைய கருவியை மாட்டிப் பார்த்தார். இன்ஜின் பக்கம் எல்லாம் சரி என்றது. பேட்டரி பக்கம் போனதும் திரை பூட்டிக்கொண்டது. அதன் சாவி கம்பெனி கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதாம். பிறகு என்னை உட்கார வைத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் அவரே ஓட்டினார். விளக்கு எரியவே இல்லை. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது.

நல்லாத்தானே இருக்கு என்றார். பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதைதான்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் அதே மேட்டில். அவள் இருக்கும்போது.

சாயங்காலம் வேறு இரண்டு பட்டறைகளுக்குப் போனேன். ஒருவர் வண்டியைப் பார்க்காமலே பேட்டரியை மொத்தமாக மாற்றச் சொன்னார். மற்றவர் ஹைபிரிட் என்ற பெயரைக் கேட்டதும் கேட்டைச் சாத்தாத குறை.

மச்சினன் போனில், "அப்பவே டீசல் வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் மாமா" என்றான். அடித்துக்கொண்ட தலை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

இன்று வாடகைக் கார். திரும்பும்போது அவளுக்குக் குமட்டியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, சீட்டு புதுசு என்றார். வீடு வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். படியேறியதும் குளியலறைக்கு ஓடியவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி வாடகைக் கார் வேண்டாம் என்றாள். நம் வண்டி என்றால் நிறுத்தச் சொல்லலாம், திட்டலாம், வாந்தியும் எடுக்கலாம் என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

போகும்போது நின்றது. சிகிச்சைக்குத் தாமதம். நல்ல வேளையாக இவளைக் கடைசியாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"கவனிச்சீங்களா, நான் ஏறினாத்தான் வண்டி நிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பைத்தியக்காரி மாதிரிப் பேசாதே என்று கத்திவிட்டேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதோட விட்டுடலாமாங்க? உங்களப் பாக்கவும் பாவமா இருக்கு" என்றாள்.

விட்டுடறதாம். எதை விடறது? ஒரு விளக்கு எரியுதுன்னு இவ... என்னப் பாத்துப் பாவப்படறாளாம். யாரு யாருக்குப் பாவப்படறது! இதுக்கு மேல எழுத முடியல.

மார்ச் 12, புதன்

காலையில் நிதானமாக யோசித்தேன். ஒரு பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறி ஒன்றில் மட்டும் தோற்றால், அந்த வகுப்பில் மட்டும் என்ன வேறு என்று பார்ப்பேன். அப்படியென்றால் நேற்று அவள் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை, அதுவும் ஒரு தகவல்தான். நான்தான் கத்தினேன். மெக்கானிக் ஓட்டியபோது இல்லாதது என்ன? அவள். ஆனால் அவள் பாரமா? பள்ளிப் பையின் எடைகூட இல்லை இப்போது. தண்ணீர் பாட்டில்? துண்டு?

விடை தெரியாமலே கிளம்பினோம்.

மேட்டின் பாதியில் புழுக்கமாக இருக்கிறது என்று அவளே தலையணையை உருவிக் காலடியில் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும்:

"ஏங்க, என் சால்வைய யாரோ இழுக்கறாங்க."

வண்டியை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தேன். சால்வையின் முனை அந்தச் சல்லடையில் அப்பிக்கொண்டிருந்தது. பிடித்து எடுத்தால் மறுபடி போய் ஒட்டியது. உள்ளங்கையை வைத்தேன். உள்ளே ஏதோ சுழன்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி இருப்பது இந்த இருக்கைக்கு அடியில் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இது அதன் மூக்கு. மூக்கைத் தலையணையால் பொத்திவிட்டு மேட்டில் ஓடு என்றிருக்கிறேன். அவளுக்கு இடிக்கக் கூடாதென்று, தினமும், என் கையாலேயே. மெக்கானிக் ஓட்டிய அன்று தலையணை வீட்டில் கிடந்தது.

அவளிடம் சொன்னேன். "அப்ப காரணம் நான் இல்லையா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நேற்று அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

மெக்கானிக் முதலில் மறுத்தார். ஆரஞ்சு வயர் கண்ணில் பட்டால் அந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொள்ளும் என்று அதை என் சட்டைப் பையில் போட்டு, பட்டறைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். நின்றேன்.

சல்லடையைக் கழற்றி, காற்றுக் குழாயையும் மின்விசிறியையும் எடுத்தார். தலையணைப் பஞ்சும் சால்வை நூலும் அடைத்துக் கிடந்தன.

"வாத்தியாரே, இதுல இன்னொரு தலையணை தைக்கலாம்."

ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி மேட்டில் தயங்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் தானே அணைந்த முக்கோணம் இப்போது எரிந்துகொண்டே இருக்கிறது. அதை அழிக்கத் தன் கருவிக்கு அனுமதி இல்லை என்று கையை விரித்தார். உள்ளே பேட்டரி வெந்துபோயிருக்குமோ என்று கேட்டேன். இருக்கலாம், திறந்து பார்க்க அவரால் முடியாது, கடவுளுக்கும் கம்பெனிக்கும்தான் தெரியும் என்றார். உண்மையைச் சொல்கிறார், அதுவரை நல்லது. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நாளைக்கு எப்படி ஓட்டுவது?

மார்ச் 14, வெள்ளி

ஓட்டினேன். சாலையைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்தேன். இப்போது இடுப்புக்குத் தலையணை இல்லை. என் ஸ்வெட்டரைச் சுருட்டி, சல்லடையை மறைக்காமல் முதுகுக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து, பின்னாலிருந்து எட்டி என்னிடம் நீட்டினாள். விளக்கின் மேல் ஒட்டச் சொன்னாள்.

"நீங்க அதயே பாத்துக்கிட்டு எங்கயாவது மோதினீங்கன்னா கதிர்வீச்சும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

ஒட்டினேன். பிளாஸ்திரிக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நிற்கவில்லை. இன்றும் நிற்கவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைசி சிகிச்சை. பலன் என்னவென்று அடுத்த மாத ஸ்கேனில்தான் தெரியும் என்றார் மருத்துவர். அவருடைய கருவியும் சிலவற்றைத்தான் சொல்லும் போலிருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சர்வீஸ் சென்டரிலிருந்து அந்தப் பெண் நாளைய தேதியை நினைவுபடுத்தினாள். வருகிறேன் என்றேன். நானும் வருவேன் என்று இவள் அடம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

விடிந்ததும் கிளம்பினோம். பின்கதவைத் திறந்து ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பார்த்தால் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேட்டுச் சாலை வந்ததும் கை நீட்டிப் பிளாஸ்திரியை உரித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடியில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. விளக்கு எரியவில்லை. எப்போது அணைந்ததோ, யாருக்குத் தெரியும்.

வேகத்தைக் குறைத்தேன். திரும்பிவிடலாமா, இல்லை காட்டிவிட்டே வரலாமா?

"என்ன யோசனை? பின்னாடி லாரிக்காரன் திட்டறான். கியர மாத்தி அழுத்துங்க" என்றாள்.

இந்த வண்டியில் கியர் மாற்ற ஒன்றுமில்லை. வாங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறேன்.

சரி, மாற்றிவிட்டேன் என்றேன்.