தலை செய்த தப்பு

என் ரோஷக்காரருக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் தலை கெட்டுப்போய்விட்டது. இத்தாலியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் உங்கள் அல்பேனியத் தலை மாறவில்லை. வீட்டிலேயே கிடந்த என் தலைதான் மாறியது.

கையில் வரைபடத்தோடு மலையிலிருந்து கடலுக்குத் தாங்களாகவே நடந்து போகிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கோடையில் நம் வீட்டில்தான் தங்குகிறார்கள். "கடலுக்கு இப்படியா?" என்பார்கள். ஆமாம் என்று நம் வழக்கப்படி பக்கவாட்டில் ஆட்டினால், இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறிவிடுகிறார்கள். பாவமாக இருந்ததால், நம் ஊரில் இல்லை என்பதற்கு ஆட்டுகிற மாதிரி, ஆமாம் என்பதற்கு அவர்களைப் போல மேலும் கீழும் ஆட்டப் பழகினேன்.

அன்று போனில் முகம் பார்த்து, "வேலையை விட்டுட்டு ஒரேயடியா வந்துடட்டுமா?" என்று கேட்டீர்களே. நான் வாய் திறப்பதற்குள் தலை முந்திக்கொண்டு ஆடிவிட்டது. மேலும் கீழும். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள், அப்புறம் எடுக்கவேயில்லை.

பக்கத்து வீட்டு ஷ்பேசாவிடம் அழுதேன். "அடிப்பாவி! வெளிநாட்டுக்காரங்களுக்கு வழி காட்டி, சொந்தப் புருஷனை வராதேன்னுட்டியேடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது வெளியூர்த் தலை. வாருங்கள் என்றுதான் ஆட்டினேன்.

நீங்கள் உட்காரும் வாசல் பெஞ்சுக்கு இன்று நீல பெயிண்ட் அடித்தேன். நம் ஊர்த் தலைக்கே திரும்பியும்விட்டேன். சற்றுமுன் ஒரு ஜெர்மன்காரர் பெஞ்சைக் காட்டி, "ஈரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று பக்கவாட்டில் ஆட்டினேன்.

உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு பூச்சு அடிக்கப் போகும்,
உங்கள் வீட்டுக்காரி