கடையில் நின்ற எட்டு வருடம்

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ராகுலனுக்கு,

நானும் அம்மாவும் டொக்டர் தந்த குளிசைகளின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை உன் தங்கை நிரோஷாவிடம் கேட்டுத்தான் அறிகிறோம், என் போனை நீ எடுத்து இரண்டு மாதமாகிறது. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதுதானே, அதனால் எழுதுகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த டொரோண்டோக் கொம்பனியிலிருந்து அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தது. நல்ல மரியாதையான தமிழ். ராகுலன் உங்கள் போட்டோகொப்பிக் கடையில் எட்டு வருடம் கொம்பியூட்டர் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறார், சரியா என்று கேட்டது. நீ என்னிடம் ஒரு சொல் சொல்லி வைத்தாயா? கடையில் நீ எட்டு நாள் நின்றதில்லை. ஆள் மாறிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, இல்லைப் பிள்ளை, என்ர மகன் அந்த எட்டு வருசமும் அரசாங்க ஆமியில சிக்னல் பிரிவில இருந்தவன், கொம்பியூட்டர் எல்லாம் அங்கதான் பழகினவன் என்று சொன்னேன். அதோடு விட்டேனா? அலுமாரிக்குப் பின்னால் கிடந்த, ஆமி தந்த உன் நன்னடத்தைப் பத்திரத்தைத் தூசு தட்டி, படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அதைக் கண்டால் உன்னை மேலே தூக்கி வைப்பார்கள் என்று நினைத்த மடையன் நான். அந்தக் கொம்பனி முதலாளியும் நம் தமிழர்தானாம், அவருடைய தமையன் போரில் ஆமியின் ஷெல்லடியில் செத்தவராம். அது உன் வேலை போன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மனிதரையும் என்ன குறை சொல்வது.

அப்பா எட்டு வருசம் ஊருக்குப் பொய் சொன்னவர்தானே, எனக்காக ஒரு நாள் சொல்லேலாமப் போச்சோ என்று கேட்டாயாம். நிரோஷா ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். சொன்னேன்தான். பக்கத்து வீட்டு ராக்கம்மா கேட்டால் வவுனியாவில் டெலிபோன் கந்தோரில் வேலை என்பேன். லீவில் வரும்போது கோட்டை ஸ்டேஷனிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டு வா என்றதும் நான்தான். நீ பூட்ஸை உரப்பையில் சுற்றிக்கொண்டு வருவாய். உன் ஆமிச் சம்பளத்தில் வாங்கிய மெஷினில்தான் இன்றைக்கும் கொப்பி அடிக்கிறேன், அப்படியிருந்தும் தமிழ்ப் பிள்ளை ஆமியிலா என்று கேட்கும் ஊர் வாய்க்குப் பயந்தேன். அந்தப் பயத்தை நீ கனடா வரைக்கும் கொண்டு போய்விட்டாய், அதுதான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஜிந்துப்பிட்டிக் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்கிறாள். வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. அடுத்த கொம்பனிக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாயாம். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்பு, கடையில் நின்றவன் என்றால் கடையில் நின்றவன்தான். பழகிய வாய்தானே. பத்திரத்தை மட்டும் இனி ஒளிக்க மாட்டேன், கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். நேற்று கொப்பி எடுக்க வந்த ராக்கம்மாவிடம் நானாகவே காட்டி, இது ராகுலனுடையது என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை. முதல் லீவில நீங்க பூட்ஸைக் கழுவி மொட்டைமாடியில காயப்போட்ட நாளே தெரியும், தெருவுக்கே தெரியும், உங்கட முகத்துக்காகத்தான் ஒருத்தரும் கேக்கல்ல என்றாள்.

அப்படியென்றால் எட்டு வருடம் நான் உன்னை யாரிடமிருந்து ஒளித்தேன், மகன்?

முருகன் உனக்குத் துணை நிற்கட்டும். ஒரு தடவை போனை எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரலிங்கம்